தமிழ்நாடே ஒரு பக்கம் போனாலும் கன்னியாகுமரி ஏன் வேறு பக்கம் போகுது? 'கருத்துப் பரவல்' கணிதம் சொல்லும் விளக்கம்

2014 மே 16. மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37 அதிமுகவுக்கு. திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்த இரண்டில் தருமபுரி பாமகவுக்குப் போனது, கன்னியாகுமரி பாஜகவுக்குப் போனது. பொன். ராதாகிருஷ்ணன் 1,28,662 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அன்றைக்குப் பலர் கவனிக்காமல் விட்டது இரண்டாம் இடத்தை. அங்கே இருந்தவர் காங்கிரஸின் வசந்தகுமார். மாநிலத்தையே மாறி மாறி ஆளும் இரண்டு திராவிடக் கட்சிகளும் இந்தத் தொகுதியில் மூன்றாவது, நான்காவது இடங்களில் நின்றன.

ஒரே மொழி, ஒரே டிவி சேனல்கள், ஒரே சினிமா, ஒரே தலைவர்களின் பிரச்சாரம். அப்படியிருந்தும் ஒரு மாவட்டத்தின் கருத்து மட்டும் மாநிலத்தோடு ஏன் கலக்கவில்லை?

"அது அப்படித்தான், குமரி எப்பவுமே தனி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு கூட்டத்துக்குள் கருத்து எப்படிப் பரவுகிறது, எப்போது எல்லாரும் ஒரே முடிவுக்கு வருவார்கள், எப்போது வரவே மாட்டார்கள் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஒரு துறை இருக்கிறது. 'கருத்து இயக்கவியல்' என்று பெயர். கணிதம், இயற்பியல், சமூகவியல் மூன்றிலும் ஆட்கள் இதில் வேலை செய்கிறார்கள். அந்தக் கணக்கைக் குமரியில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

ஒரு தடவை நடந்தது இல்லை

முதலில் பழைய முடிவுகள். 1967ல் திமுக அலை அடித்தபோது தமிழ்நாட்டில் காங்கிரஸுக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் வெறும் 3. அதில் ஒன்று நாகர்கோவில் (இன்றைய கன்னியாகுமரித் தொகுதியின் பழைய பெயர் அதுதான்). ஜெயித்தவர் மார்ஷல் நேசமணி. அதே தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார் காமராஜர். நேசமணி 1968ல் மறைந்த பிறகு, 1969 இடைத்தேர்தலில் அதே காமராஜரை நாகர்கோவில் ஜெயிக்க வைத்தது. 1971ல் அவருடைய ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் பிடித்த ஒரே மக்களவைத் தொகுதியும் இதுதான்.

1996ல் திமுக, தமாகா கூட்டணி அலை. அந்த அலைக்கு நடுவே பத்மநாபபுரத்தில் சி. வேலாயுதன் ஜெயித்து, தமிழ்நாட்டின் முதல் பாஜக எம்.எல்.ஏ. ஆனார். 2016 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா ஆட்சியைத் தக்கவைத்தார். குமரி மாவட்டத்தின் 6 தொகுதிகளில் அதிமுகவுக்கு ஒன்றுகூட இல்லை. திமுக 3, காங்கிரஸ் 3.

எல்லாத் தேர்தலிலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 2004ல் திமுக கூட்டணி 39 தொகுதிகளையும் அள்ளியபோது இங்கேயும் அதே கூட்டணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் பெல்லார்மின்தான் ஜெயித்தார். 2009ல் திமுகவின் ஹெலன் டேவிட்சன். ஆக, மாநிலத்தோடு சேர்ந்து போன வருஷங்களும் உண்டு. இதைப் பின்னால் பார்ப்போம்.

1956ல் வந்த ஒரு கணக்கு

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. அதே 1956ல் ஜான் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்க சமூக உளவியலாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு குழுவில் யார் யாருடைய பேச்சைக் கேட்கிறார்கள் என்று கோடு போட்டு வரைந்தால், கடைசியில் அந்தக் குழு என்ன முடிவுக்கு வரும் என்று கணிக்கலாம் என்பது அவர் சொன்னது. ஒரே வருஷம் என்பது தற்செயல்தான், வேறு தொடர்பு கிடையாது.

அந்த யோசனையை 1974ல் சுத்தமான கணிதமாக எழுதிக் கொடுத்தவர் மோரிஸ் டிகிரூட் என்ற புள்ளியியலாளர். இன்றைக்கும் இந்தத் துறையில் எல்லாரும் ஆரம்பிக்கிற இடம் அவருடைய மாதிரிதான். பார்த்தால் பயமாக இருக்கும், உள்ளே கூட்டல் பெருக்கல் மட்டும்தான்.

வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்வோம் (கற்பனைக் கடை). அங்கே மூன்று பேர்: டீக்கடைக்காரர், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு மீன் வியாபாரி. கேள்வி: "இந்தத் தடவை நம்ம தொகுதியில அந்தக் கட்சிக்கு எத்தனை சதவீதம் ஓட்டு விழும்?" டீக்கடைக்காரர் 60 என்கிறார். ஆசிரியர் 30. மீன் வியாபாரி 20.

மறுநாள் மூவரும் மற்றவர் சொன்னதை யோசித்து எண்ணை மாற்றிக்கொள்கிறார்கள். டீக்கடைக்காரர் தன் கருத்துக்குப் பாதி மதிப்பு, ஆசிரியர் கருத்துக்குப் பாதி மதிப்பு கொடுக்கிறார். மீன் வியாபாரியும் அப்படியே, தனக்குப் பாதி, ஆசிரியருக்குப் பாதி. இவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதில்லை. ஆசிரியர் மட்டும் எல்லாரையும் கேட்பவர்: தனக்குப் பாதி, மற்ற இருவருக்கும் தலா கால் பங்கு.

இப்போது கணக்கு. மறுநாள் டீக்கடைக்காரர் 45க்கு இறங்குவார், ஆசிரியர் 35க்கு ஏறுவார், மீன் வியாபாரி 25. அதற்கு அடுத்த நாள் 40, 35, 30. மூன்றாம் நாள் 37.5, 35, 32.5. இப்படியே போனால் மூன்று பேரும் 35ல் வந்து நிற்பார்கள். ஒருமித்த கருத்து ரெடி.

இதில் கவனிக்க வேண்டியது, 60, 30, 20 மூன்றுக்கும் சாதாரண சராசரி சுமார் 36.7. ஆனால் கடை போய்ச் சேர்ந்த இடம் 35. காரணம், இரண்டு பேர் ஆசிரியரைக் கேட்கிறார்கள். அதனால் அவருடைய முதல் நாள் கருத்துக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு எடை. அவர் அதிகம் பேசினார் என்பதாலோ, சரியாகச் சொன்னார் என்பதாலோ இந்த எடை வரவில்லை. யார் யாரைக் கேட்கிறார்கள் என்ற அமைப்பிலிருந்து வந்தது. கூகுள் தேடலில் எந்தப் பக்கம் முதலில் வர வேண்டும் என்று முடிவு செய்ய ஆரம்பத்தில் பயன்படுத்திய கணக்கும் இதே குடும்பம்தான்: நிறையப் பேர் கை காட்டும் ஆளுக்கு எடை, அந்த ஆள் யாரைக் கை காட்டுகிறாரோ அவருக்கும் எடை.

டிகிரூட் மாதிரி சொல்லும் பெரிய விஷயம் இது: எல்லாரும் நேராகவோ சுற்றி வளைத்தோ எல்லாரோடும் தொடர்பில் இருந்து, தன் கருத்துக்கும் கொஞ்சம் இடம் வைத்துக்கொண்டு சராசரி எடுத்துக்கொண்டே இருந்தால், ஒருமித்த கருத்து வந்தே தீரும். எவ்வளவு எதிரெதிராக ஆரம்பித்தாலும் சரி.

அந்த ஒருமித்த கருத்து சரியான கருத்தாக இருக்குமா என்பது வேறு கேள்வி. 1907ல் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்கு வெளியிட்டார். பிளைமவுத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டின் இறைச்சி எடையை ஊகித்துச் சீட்டு எழுதிப் போடும் போட்டி. 787 சீட்டுகள். உண்மையான எடை 1,198 பவுண்டு. சீட்டுகளின் நடுமதிப்பு 1,207. கூட்டத்தின் ஊகம் கிட்டத்தட்ட அச்சு அசல். ஆனால் அவர்கள் தனித்தனியாகச் சீட்டு எழுதியவர்கள். டீக்கடை மாதிரி பேசிப் பேசி எழுதியவர்கள் இல்லை. பெஞ்சமின் கோலப், மாத்யூ ஜாக்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010ல் இதை நிரூபித்துக் காட்டினார்கள்: டிகிரூட் முறையில் பேசிக்கொள்ளும் பெரிய கூட்டம் உண்மையை நெருங்க வேண்டுமானால், எந்த ஒரு ஆளுக்கும் அளவுக்கு மீறிய எடை இருக்கக் கூடாது. ஒரு தலைவர், ஒரு சேனல், ஒரு வாட்ஸ்அப் குரூப் அட்மின் என்று எடை ஒரே இடத்தில் குவிந்தால், ஊரே ஒரே குரலில் தப்பைச் சொல்லும்.

நகராதவர்கள் வந்தால் என்ன ஆகும்?

நிஜத்தில் ஊர் இப்படி ஒத்துப்போவதில்லையே என்று உடனே தோன்றும். கணிதக்காரர்களுக்கும் தோன்றியது. 1990ல் நோவா ஃபிரைட்கின், யூஜின் ஜான்சன் இருவரும் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள்: மனிதர்கள் அடுத்தவரைக் கேட்பார்கள், ஆனால் தாங்கள் முதலில் நின்ற இடத்தை முழுசாக விடமாட்டார்கள். அதில் உச்சகட்டம், கொஞ்சமும் நகராத பிடிவாதக்காரர்.

அதே டீக்கடை. மீன் வியாபாரி மட்டும் "20 தான், அதுக்கு மேல ஒரு ஓட்டு கிடையாது" என்று உட்கார்ந்துவிட்டார் என்று வைப்போம். மற்ற இருவரும் பழையபடி சராசரி எடுக்கிறார்கள். என்ன ஆகும்? இருவரும் மெல்ல மெல்ல 20க்கு இறங்கிவிடுவார்கள். 20 ரவுண்டு முடியும்போது டீக்கடைக்காரர் சுமார் 21ல் இருப்பார். 60ல் ஆரம்பித்தவர்! தனக்கும் அவருக்கும் நேரடிப் பேச்சே இல்லாத ஒருவர், ஆசிரியர் வழியாக அவரைத் தன் இடத்துக்கு இழுத்துவிட்டார்.

இப்போது டீக்கடைக்காரரும் 60ஐ விட்டு நகர மறுக்கிறார். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிடிவாதக்காரர். ஆசிரியர் 40ல் போய் நிற்பார், அங்கேயே நிற்பார். 60, 40, 20. நூறு வருஷம் டீ குடித்தாலும் இது மாறாது. மூவரும் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனாலும் ஒருமித்த கருத்து கிடையாது. ஒரே ஒரு பிடிவாதக்காரர் இருந்தால் ஊர் அவர் பின்னால் போகும். எதிரெதிரே இரண்டு பேர் இருந்தால் ஊர் நிரந்தரமாகப் பிளந்து நிற்கும்.

குமரிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டிய முதல் இடம் இது. தமிழ்நாட்டு அரசியலின் நங்கூரங்கள் 1940களிலும் 50களிலும் இறங்கியவை. திமுக பிறந்தது 1949ல். அந்தக் காலத்தில் இந்த நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்திலேயே இல்லை. இங்கே ஓடிய கேள்வியே வேறு: தமிழ்ப் பகுதிகள் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டுமா இல்லையா? அதை முன்னெடுத்தது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 தேர்தலில் அந்தக் கட்சி திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்கள் பிடித்தது. அதே வருஷம் ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தார்கள். மாநில இணைப்புக்குப் பிறகு இந்த இயக்கம் காங்கிரஸோடு கலந்தது.

அதாவது, தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களில் திராவிட இயக்கக் கூட்டங்களும் மன்றங்களும் படிப்பகங்களும் வளர்ந்த பத்து வருஷத்தில், குமரியில் நகராத மையமாக உருவானது வேறொன்று. 1967 அலை வந்தபோது இங்கே ஏற்கெனவே நங்கூரம் போட்டாயிற்று. சுற்றி இருந்தவர்கள் அதன் பக்கம் இழுக்கப்பட்டார்கள். நேசமணி, காமராஜர் வெற்றிகளைத் தனிநபர் செல்வாக்கு என்று மட்டும் படிப்பது வழக்கம். இந்த மாதிரி அதைக் கொஞ்சம் வேறு மாதிரிப் படிக்கச் சொல்கிறது.

"அவன் சொன்னா நான் ஏன் கேக்கணும்?"

டிகிரூட் மாதிரியில் இன்னொரு ஓட்டை உண்டு. 60 சொல்பவரும் 20 சொல்பவரும் ஒருவரை ஒருவர் கேட்டே தீருவார்களா? நம் கருத்துக்கு ரொம்ப தூரத்தில் இருப்பவர் பேசினால் காதை மூடிக்கொள்வதுதானே வழக்கம்.

2000ல் பிரான்ஸின் கியோம் டெஃபுவான் குழுவும், 2002ல் ஜெர்மனியின் ரெய்னர் ஹெக்செல்மான், உல்ரிக் கிரவுசே இணையும் இதைக் கணக்கில் சேர்த்தார்கள். கருத்துகளை 0 முதல் 1 வரை ஒரு கோட்டில் அடுக்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சகிப்பு எல்லை. எதிரில் இருப்பவர் அந்த எல்லைக்குள் இருந்தால் அவர் பக்கம் நகர்வார். எல்லைக்கு வெளியே என்றால் பேச்சே கேட்கவில்லை என்று அர்த்தம்.

டெஃபுவான் மாதிரியைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால், சகிப்பு எல்லை 0.5க்கு மேல் இருக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். எல்லையைக் குறைத்தால் கூட்டம் உடைகிறது. 0.25 ஆனால் ஏறக்குறைய இரண்டு முகாம். 0.1 ஆனால் ஐந்து முகாம் வரை. இங்கே பிடிவாதக்காரர் யாருமே இல்லை, எல்லாரும் நகரத் தயாராக இருப்பவர்கள்தான். தன்னைப் போன்றவரிடம் மட்டும் பேசுவதாலேயே உடைந்து போகிறார்கள். உடைந்த பிறகு ஒவ்வொரு முகாமுக்குள்ளேயும் பரிபூரண ஒற்றுமை! அதனால் ஒவ்வொருவரும் "ஊரே நம்ம பக்கம்தான்" என்று நம்புவார்கள். எக்ஸிட் போல் பார்த்து அதிர்ச்சி அடைபவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்.

2011 கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், இஸ்லாமியர் 4.20 சதவீதம். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இப்படி ஒரு சமன்பாடு கிடையாது. கோவில் திருவிழாவும் தேவாலயத் திருவிழாவும் ஒரே சாலையில் நடக்கும் ஊர்கள் இவை. கலந்து வாழ்வது இங்கே புதுசு இல்லை. ஆனால் 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட கலவரமும் போலீஸ் துப்பாக்கிச் சூடும் அந்த உறவில் ஆழமான கீறல் போட்டன. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கும் அளவுக்குப் போனது விவகாரம். மாதிரியின் மொழியில் சொன்னால், பலருடைய சகிப்பு எல்லை ஒரே நேரத்தில் சுருங்கியது. அடுத்து வந்த காலத்தில் இங்கே போட்டி பாஜக ஒரு பக்கம், அதை எதிர்ப்பவர்களில் யார் பலமோ அவர்கள் ஒரு பக்கம் என்று மாறியதை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

அதற்காக மதம்தான் ஓட்டு என்று முடித்துவிடுவதும் தப்பு. சாதி, கடலோரமா மலையோரமா, ரப்பரா நெல்லா என்று பல கோடுகள் ஓடுகின்றன. கணக்கு மாதிரிகள் கருத்தை 0க்கும் 1க்கும் நடுவே ஒரே கோட்டில் அடுக்குகின்றன. மனிதர்கள் அப்படி ஒரே கோட்டில் நிற்பதில்லை.

தினமும் காலை 6 மணி ரயிலில் ஏறுபவர்கள்

கருத்து யாரிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது? வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் மட்டுமா, வேலை பார்க்கும் இடத்திலிருந்துமா? 1970களில் வந்த 'வாக்காளர் மாதிரி' என்ற எளிய கணக்கு, ஒவ்வொருவரும் அவ்வப்போது பக்கத்து ஆள் ஒருவரைப் பார்த்து அவர் கருத்தை அப்படியே காப்பி அடிப்பதாக வைத்துக்கொள்கிறது. பெயர்தான் வாக்காளர் மாதிரி. ரொம்ப நாள் இதை நிஜத் தேர்தலோடு யாரும் பெரிதாக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

2014ல் ஸ்பெயினைச் சேர்ந்த ஃபெர்னாண்டஸ் கிரேசியா குழு அதைச் செய்தது. கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள்: வாக்காளர் மாதிரி என்பது வாக்காளர்களுக்கான மாதிரிதானா? அமெரிக்க அதிபர் தேர்தல்களின் மாவட்ட வாரி முடிவுகளை எடுத்தார்கள். மக்கள் எந்த மாவட்டத்தில் குடியிருந்து எந்த மாவட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள் என்ற தரவைச் சேர்த்தார்கள். கொஞ்சம் தற்செயலான மாற்றத்தையும் கலந்தார்கள். கிடைத்த கணக்கு, நிஜ முடிவுகளில் தெரிந்த இரண்டு விஷயங்களை நன்றாகவே பிரதிபலித்தது: மாவட்டங்களுக்கு இடையே வாக்கு சதவீதம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பது ஒன்று, தூரம் கூடக் கூட ஒற்றுமை எவ்வளவு மெதுவாகக் குறைகிறது என்பது இன்னொன்று. யார் ஜெயிப்பார் என்று அது சொல்லாது. கருத்து வேலைக்குப் போகும் பாதையில் பயணிக்கிறது என்று மட்டும் சொல்லும்.

நாகர்கோவிலிலிருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் சுமார் 70. ஆஸ்பத்திரிக்கு, கட்டட வேலைக்கு, விமானத்துக்கு என்று எல்லை தாண்டுபவர்கள் களியக்காவிளை வழியாகத் தினமும் போகிறார்கள், வருகிறார்கள். அங்கே காங்கிரஸ், இடதுசாரி, பாஜக என்ற பேச்சுதான். சரியாகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது கிழக்கே உள்ள தோவாளை, அகஸ்தீஸ்வரம் மட்டும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போகப் போக மலையாள வாடை கூடும். மேற்கில் விளவங்கோடு, கிள்ளியூர் தொகுதிகளில் காங்கிரஸ் பலமாக இருப்பதும், திராவிடக் கட்சிகளின் வெற்றிகள் பெரும்பாலும் கிழக்கிலும் நடுவிலும் வருவதும் இந்தப் பாதைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. குமரிக்கென்று யாராவது இதே கணக்கைப் போட்டால் சுவாரசியமாக இருக்கும்.

வதந்திக்கு வேறு கணக்கு

இதுவரை பார்த்தது மெதுவாக மாறும் கருத்து. வதந்தி அப்படி இல்லை. அது சராசரி எடுக்காது, தொற்றும். 1960களில் டேலி, கெண்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நோய்ப் பரவல் மாதிரி எழுதினார்கள். கேள்விப்படாதவர், பரப்புபவர், பரப்புவதை நிறுத்திவிட்டவர் என்று மூன்று வகை ஆட்கள். பரப்புபவர் ஏற்கெனவே விஷயம் தெரிந்த ஆளிடம் போய்ச் சொன்னால் "இது பழசு" என்று தெரிந்து நிறுத்திவிடுவார். இந்தக் கணக்கின்படி ஊரில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்கு வதந்தி போய்ச் சேராது. மீதி 80 சதவீதம் பேருக்குச் சேர்ந்துவிடும். அது உண்மையா பொய்யா என்பது கணக்கில் எங்கேயும் வருவதில்லை.

2018 மே மாதம் 'குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வாட்ஸ்அப் வதந்தி தமிழ்நாட்டில் பரவியபோது திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே கோவிலுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டார். நாடு முழுக்க இப்படி நடந்த பிறகு, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் மாற்றியது. ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கியது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் ஃபார்வர்ட் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. செய்தி என்ன என்று படித்துப் பார்க்காமல், ஒரு ஆள் எத்தனை பேருக்குத் தொற்ற வைக்கலாம் என்ற எண்ணில் மட்டும் கை வைத்தார்கள். நோய்க்கு எப்படியோ அப்படி.

சரி, அப்புறம் குமரி ஏன் மாநிலத்தோடு சேர்ந்தது?

2019ல் வசந்தகுமார் 2,59,933 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். திமுக கூட்டணி தேனியை மட்டும் இழந்தது. அவர் 2020ல் கொரோனா பாதித்து மறைந்த பிறகு 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த். 2024ல் மறுபடியும் அவரே, 39க்கு 39 எடுத்த கூட்டணியில். மூன்று தடவை தொடர்ந்து தமிழ்நாடு போன பக்கமே குமரியும் போயிருக்கிறது. அப்படியென்றால் பிடிவாதம் கரைந்துவிட்டதா?

இங்கேதான் மாதிரிகளை நம்பி ஏமாறக் கூடாது. அவை கருத்தைக் கணக்கிடுபவை, தொகுதி வெற்றியை அல்ல. 2014ல் காங்கிரஸ், திமுக, அதிமுக, பாஜக நான்கும் தனித்தனியாக நின்றன. வாக்கு நான்காகப் பிரிந்தது, பெரிய துண்டு எதுவோ அது ஜெயித்தது. 2019ல் காங்கிரஸும் திமுகவும் ஒரே மேடையில். வாக்காளர் மனம் ஒரு அங்குலம் நகராமலேயே முடிவு தலைகீழாகலாம். கூட்டணி என்பது சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து போடும் கையெழுத்து. எந்த டீக்கடைச் சமன்பாட்டிலும் அது வராது. 2004 முடிவையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

உள்ளே எட்டிப் பார்த்தால் பழைய படம் அப்படியே இருக்கிறது. 2021ல் விஜய் வசந்த் மக்களவை இடைத்தேர்தலில் ஜெயித்த அதே நாளில் நடந்த சட்டமன்றத் தேர்தலில், நாகர்கோவிலில் பாஜகவின் எம்.ஆர். காந்தி ஜெயித்தார். கன்னியாகுமரித் தொகுதியில் அதிமுகவின் தளவாய் சுந்தரம். பத்மநாபபுரத்தில் திமுக. குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் மூன்றும் காங்கிரஸ். ஆறு தொகுதி, நாலு கட்சி. 2024 மக்களவைத் தேர்தலிலும் இரண்டாம் இடம் பொன். ராதாகிருஷ்ணனுக்குத்தான். மாநிலத்தின் பிரதான எதிர்க்கட்சியான அதிமுக, நாம் தமிழர் கட்சிக்கும் கீழே நான்காவது இடத்தில் இருந்தது.